கரையில் நிற்பவரின் கடமை

வயலில் இரவுக் காவலுக்குச் சென்றவர் விடிந்தும் வரவில்லையென்றால் நாம் சும்மா இருப்பதில்லை. யானையோ, பாம்போ என்று அஞ்சி உடனே ஆள் அனுப்புகிறோம். ஆனால் களப்பில் தோணியேறும் எமது பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு இன்னும் ஏற்படவில்லை.

நிலத்தை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சில களப்புக் கரைகளில் வாழ்கின்றன. பிள்ளைகள் மாலையில் இறாலுக்குத் தோணி வலித்துச் சென்று விடியலில் திரும்புகிறார்கள். மீனவர் பிள்ளை தகப்பனோடு சென்று கற்பதை இவர்களுக்குக் கற்பிக்க வீட்டில் எவருமில்லை.

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 இல் மாணவர் எண்மர், ஓர் ஆசிரியருடனும் இரு பயிற்றுநருடனும் சிறு துடுப்புப் படகுகளில் புறப்பட்டனர். படகுகளில் நீர் நிறைந்தது. காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளியது. ஆபத்தை அறிவிக்க அவர்களிடம் சமிக்ஞைச் சாதனம் இருக்கவில்லை. திரும்பும் நேரம் கடந்தபின்னரும் கரையிலிருந்தோர் உரிய வேளையில் உதவி கோரவில்லை. மாணவர் நால்வர் மாண்டனர். 1994 இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனமும் அதன் பணிப்பாளரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 1995 இல் இத்தகைய நிலையங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. அது நடந்தது பகலில். எமது பிள்ளைகள் செல்வதோ இரவில்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். மாரிக்கு முன்னர் கிராம அபிவிருத்திச் சங்கமும் இளைஞர் கழகமும் அனுபவமுள்ள மீனவர் ஒருவரை அழைத்து, ஆழமற்ற நீரில் பகலிலே பயிற்சி நடத்தட்டும். தோணி கவிழ்ந்தால் அதைப் பற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கரை கிட்டத் தெரிகிறதென்று நீந்தக்கூடாது. தத்தளிப்பவரிடம் குதிக்காமல் கயிறோ கோலோ நீட்டவேண்டும். முகத்துவாரம் திறந்துள்ள நாட்களில் அதன் நீரோட்டத்தை அணுகக்கூடாது. இடிமின்னல் கண்டால் கரையேறவேண்டும். தனியே போகக்கூடாது. விசில், டோர்ச் லைற், பொலித்தீன் பையில் இறுகக் கட்டிய கைத்தொலைபேசி ஆகியன உடலோடு இருக்கவேண்டும்.

பிழைப்புக்கே வழியில்லாதபோது உயிர்காப்பு அங்கிக்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கிகளைச் சங்கம் பொதுவில் வாங்கி இரவல் கொடுக்கலாம். ஆனால் எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிச் செல்வதற்குப் பணம் தேவையில்லை. அந்த நேரத்தை ஒருவர் கேட்டு வைத்திருக்கட்டும். அது தவறினால், "வந்துவிடுவான்" என்று காத்திராமல் அயல் மீனவரை எழுப்பி, 119 இலக்கத்தில் பொலிசாருக்கும் அறிவிக்கட்டும்.

துடுப்புப் பிடிக்கப் பிள்ளை கற்கட்டும். நேரம் பார்த்திருக்க நாம் கற்போம்.