சுங்கச்சாவடியில் அணையும் எஞ்சின்

வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் சிரமமில்லாமல் ஓடிவந்த கார், செடெனாக் சுங்கச்சாவடி வரிசையில் வந்து நின்றதும் அணைந்துவிடுகிறது. சாவியைத் திருகினால் உடனே கிளம்புகிறது. எண்ணெய் பெடலை லேசாக மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் மறுபடியும் அணைகிறது. செடெனாக் தோட்டத்துப் பக்கமிருந்து செனாய்க்கு வேலைக்குப் போய்வரும் என் உறவுக்காரத் தம்பி ஒருவனுக்குச் சில மாதங்களாக இதே பாடு. "அண்ணே, ஏர்கோன் போட்டுட்டு சிக்னல்ல நின்னா போதும், காடி செத்துடுது" என்றான்.

என்னிடம் சொல்வதற்குள் அவன் நிறைய செலவழித்துவிட்டான். முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பிளக்கை மாற்றினார்கள். பிறகு பேட்டரி. பிறகு பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு முறையும் "இனி வராது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வந்தது.

அந்தப் பெட்ரோல் பம்பை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. எஞ்சின் மிகக் குறைவாகப் பெட்ரோல் கேட்கும் நேரமே அது நின்ற இடத்தில் ஓடும் நேரம். பம்ப் சோர்ந்துபோயிருந்தால் மேட்டில் ஏறும்போதும், செம்பனை லாரியை முந்தும்போதும் கார் திணறியிருக்க வேண்டும். இது திணறவே இல்லை. பெடலை மயிரிழை மிதித்தால் எஞ்சின் பிழைத்துக்கொள்கிறது என்றால், அந்த மிதியில் முதலில் உள்ளே போவது காற்று. எஞ்சினுக்கு என்ன போதவில்லை என்பதைக் கார் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

பெடலிலிருந்து காலை எடுத்தால் திராட்டல் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்ளும். அந்த நிலையிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று வரை சுற்ற வேண்டும்; இதுதான் ஐடில். அதற்கான காற்று தகட்டின் ஓரத்து மெல்லிய இடைவெளி வழியாகவும், பக்கத்தில் உள்ள சிறு வழியாகவும் போகிறது. பல பழைய இஞ்செக்‌ஷன் கார்களில் அந்தப் பக்கவழியைத் திறந்து மூடுவது ஐடில் வால்வு என்ற சின்ன மோட்டார். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை இந்த இடங்களில்தான் படிந்து, சூட்டில் வெந்து, கரியாக இறுகுகிறது. இடைவெளி குறையக் குறைய எஞ்சினை இயக்கும் கணினி வால்வை இன்னும் இன்னும் திறந்து ஈடுகட்டும். மாதக் கணக்கில் நமக்கு ஒன்றும் தெரியாது. வால்வு திறக்கும் எல்லை முடிந்த பிறகு, ஏர்கோன் கம்ப்ரஸர் இழுக்கும் ஒரு பாரம் வந்தாலும் எஞ்சின் சுருண்டுவிடும்.

சுங்கச்சாவடியில் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. வேகத்தில் காலை எடுத்ததும் கணினி பெட்ரோலை நிறுத்திவைக்கும். சுற்று குறைந்து ஒரு கட்டத்துக்கு வந்ததும் மறுபடி கொடுக்கும். அந்த நொடியில் போதிய காற்றும் வந்து சேர்ந்தால்தான் எஞ்சின் 800-இல் நிலைக்கும். காற்று வழி அடைத்திருந்தால் 800-ஐத் தாண்டி நேரே பூஜ்யத்துக்குப் போய்விடும்.

கூலாயில் வயதான போர்மன் ஒருவரிடம் தம்பியை அழைத்துப் போனேன். 1985-இல் முதல் புரோட்டோன் சாகா வந்த காலத்துக் கைகள் அவருடையவை. கார்புரேட்டர் ஸ்குருவைக் காதால் கேட்டே திருப்பிச் சரிசெய்த தலைமுறை. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேள்விதான் கேட்டார். காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் அணைகிறதா? சூடான பிறகா? ஸ்டியரிங் முழுதாகத் திருப்பும்போது? மழைக்குப் பிறகு? பேட்டரி கழற்றிய பிறகு மோசமானதா? கடைசிக் கேள்விக்குத் தம்பி தலையாட்டினான். பேட்டரியைக் கழற்றியதும் கணினி, தான் பழகிவைத்திருந்த ஐடில் அளவை மறந்துவிடும். கரி படிந்த காரில் அந்த மறதி உடனே தெரியும்.

பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, தகட்டின் விளிம்பைக் காட்டினார். கறுப்பு வளையம். உள்பக்கம் விரலால் தொட்டால் தார்போல ஒட்டியது. அதற்கென்றே விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தார். டின்னை அப்படியே உள்ளே பீய்ச்சவில்லை. ஐடில் வால்வைக் கழற்றினால் அதன் கூம்பு முனை கரியில் இறுகிக் கிடந்தது. துடைத்ததும் திருப்பிப் போடாமல், மல்டிமீட்டரை எடுத்துச் சுருள்களின் மின்தடையை அளந்தார். மிட்சுபிஷி வழிவந்த 90-களின் எஞ்சின்களில் இது 30 ஓம் அளவில் இருக்க வேண்டும். சுருள் ஷார்ட் ஆன வால்வு, கணினிக்குள் அதை இயக்கும் பாகத்தையும் எரித்துவிடும். அளக்காமல் கணினியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். தம்பியின் வால்வு நல்லதாகவே இருந்தது. புதிதாக ஒரு பாகமும் வாங்கவில்லை. எல்லாம் பூட்டி, விளக்கும் ஏர்கோனும் இல்லாமல் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை ஓடவிட்டு, அப்புறம் ஏர்கோனைப் போட்டுப் பார்த்தார். சுற்றைக் காட்டும் முள் ஒருமுறை தாழ்ந்து, எழுந்து, நிலைத்தது.

எல்லாக் காருக்கும் இதுவே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. வாக்கும் ஹோஸ் விரிசல் விட்டுக் காற்று கசிந்தாலும் ஐடில் கெடும். நம் வெயிலும் எஞ்சின் சூடும் ரப்பரைச் சீக்கிரம் இறுக்கிவிடும். காற்றை அளக்கும் சென்சார் உள்ள காரில் கலவை மெலிந்து அணையும்; அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள காரில் பெரும்பாலும் முள் ஏறி ஏறி இறங்கும். சூடான பின் அணைந்து, ஆறும் வரை கிளம்பவே மறுத்தால் கிராங்க் சென்சாரையோ டிஸ்ட்ரிபியூட்டரையோ பார்க்க வேண்டும். நின்றிருக்கும்போது ஹெட்லைட் மங்கினால் ஆல்டர்னேட்டர். மின்சாரத்தில் இயங்கும் திராட்டல் உள்ள புதிய கார்களில் தகட்டை விரலால் நெம்பக் கூடாது, பல்சக்கரம் உடையக்கூடும்.

எனக்கு அறவே பிடிக்காத வைத்தியம் ஒன்று உண்டு. தகட்டைத் தாங்கும் ஸ்குருவைத் திருகி ஐடிலை 1,100-க்கு ஏற்றி அனுப்புவது. அணைவது நின்றுவிடும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். கரி அங்கேயே இருக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஆட்டோ கியர் கார் பிரேக்கை மீறி முன்னே தள்ளும். அது பழுதுபார்ப்பதே அல்ல.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிக்கு மட்டுமே மிஞ்சும். அதனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள், அவசர விளக்கைப் போடுங்கள். பின்னால் செம்பனை லாரி வரும் சாலை இது.

செடெனாக்கில் இப்போது தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அதே சாலையில் இருபது வயதுக் கார்களை ஓட்டி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லாத ஒரு பம்பின் விலை பெரிய காசு. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எப்போது, எந்த நிலையில் அணைகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். பாகத்தை மாற்றும் முன் என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சோதித்துப் பார்த்ததற்கென்று தனியாக ஐம்பது வெள்ளி கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.