பார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு 6 நாள் இருக்கும்போது என் வகுப்புத் தோழனின் லேப்டாப்பில் உபுண்டு காணாமல் போனது. முதல் நாள் ராத்திரி வரை "உபுண்டுவா, விண்டோஸா?" என்று கேட்ட மிஷின், காலையில் ஒன்றும் கேட்காமல் நேராக விண்டோஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பயந்துபோய் தி.நகரில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். "லினக்ஸ் கரப்ட் ஆயிடுச்சு தம்பி. பார்மட் பண்ணி புதுசா போட்டுத் தரேன்" என்றார்கள். சாயங்காலம் மிஷின் பளபளவென்று திரும்பி வந்தது. 3 மாத ப்ராஜெக்ட் மட்டும் வரவில்லை.

பேக்கப் எடுக்காதது அவன் தப்புதான். நாலு பேர் சேர்ந்து திட்டியாச்சு. ஆனால் என் வயிற்றெரிச்சல் வேறு. அவன் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் அந்த லினக்ஸுக்கு அநேகமாக ஒன்றுமே ஆகவில்லை. பைல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

எப்படி என்கிறீர்களா? மயிலாப்பூர் பக்கத்து ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவாசல் ஒன்று, உள்ளே இரண்டு குடும்பம். வாசலில் இரண்டு பேர்ப்பலகை. டூயல் பூட் அதுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஆளுக்கு ஒரு போர்ஷன், வாசலில் யார் வீட்டுக்கு என்று கேட்டு அனுப்ப 'கிரப்' என்ற பூட் லோடர். ஒரு நாள் லினக்ஸின் பலகை மட்டும் கழன்று விழுந்துவிட்டால் தபால்காரர் "அப்படி யாரும் இல்லையே" என்று போய்விடுவார். குடித்தனம் உள்ளேதான் இருக்கிறது, சமையல்கூட நடக்கிறது! பலகையை மாட்டினால் போதும். நாம் போர்ஷனையே இடிக்கச் சொல்கிறோம்.

பழைய மிஷின்களில் அந்தப் பலகை டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் இருந்தது. அதிலும் பூட் நிரலுக்கு 446 பைட்தான். இந்தப் பத்தியே அதைவிடப் பெரிசு. விண்டோஸ் எக்ஸ்பியோ 7-ஓ மறுபடி நிறுவினால் அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். இப்போதைய யுஇஎப்ஐ மிஷின்களில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி போல்டர் உண்டு. யார் முதலில் என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிறது. ஒரு பெரிய அப்டேட் ஓடினாலோ, பயாஸ் ரீசெட் ஆனாலோ அந்த வரிசை மாறலாம். பல சமயம் பயாஸுக்குள் போய் உபுண்டுவை மேலே ஏற்றினாலே வேலை முடிந்தது. அதுவும் சரிவராவிட்டால் உபுண்டு பென் டிரைவில் மிஷினைக் கிளப்பி, கிரப்பை மட்டும் மறுபடி நிறுவலாம். அரை மணி நேரம் ஆகும். ஒரு பைலும் போகாது.

கடைக்காரர்களை வில்லன் ஆக்க மாட்டேன். பார்மட் அவர்களுக்கு நிச்சயமான வைத்தியம், நோயைக் கண்டுபிடிப்பது நேரம் தின்னும். போதாததற்கு விண்டோஸ் நிறுவும்போது வரும் பட்டியலில் லினக்ஸ் பார்ட்டிஷனின் உள்ளே என்ன இருக்கிறது என்றே காட்டாது. சும்மா கிடக்கும் இடம் மாதிரி இருக்கும். என் கோபமெல்லாம், இரண்டு குடித்தனத்தைக் கொடுத்துவிட்டு சாவிக்கொத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் மேல்தான்.

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? அதில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை வைத்து சி-டாக் சென்னை உருவாக்கியது, நம்ம ஊர்ச் சரக்கு. யோசித்துப் பாருங்கள், லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே டூயல் பூட்! எங்கள் வீட்டில் அக்காவுக்கு வந்தது. இரண்டாவது சிஸ்டம் எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் வைரஸ் வந்தது, கடைக்குப் போனது, பாஸ் போனது. போனது தெரியவே இன்னும் ஒரு வருஷம் ஆனது :-)

"இப்பல்லாம் விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டலாமே மச்சி, டூயல் பூட் எதுக்கு?" என்பார்கள். 16 ஜிபி ராம் வைத்திருப்பவன் தாராளமாக ஓட்டட்டும். 4 ஜிபி மிஷினில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பழைய லேப்டாப்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றுக்கு இரண்டாவது போர்ஷன் ஆடம்பரமில்லை, பிழைக்கும் வழி.

சிக்கல் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று டூயல் பூட் மிஷின்களைத் தொடாது என்றார்கள். தொட்டது. பலருக்கு லினக்ஸ் கிளம்பவே இல்லை. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. அப்போதும் பைல்கள் பத்திரம்தான், வாசல்தான் அடைபட்டது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போனவர்கள் தப்பித்தார்கள். ஆனால் பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கத்துக் கதவு பூட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்லித்தர இந்த ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்தில் பல வருஷம் மாதாமாதம் கூடியது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழில் தமிழிலேயே படிக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் ஒரு பக்கம். நடுவில் பாலம்தான் இல்லை.

2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அரசு அறிவித்தது. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுகிறேன். ஒரே ஒரு கோரிக்கை. எந்த லேப்டாப் கொடுத்தாலும், கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து பெட்டிக்குள் வையுங்கள். கல்லூரிகள் முதல் செமஸ்டரில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பூட் லோடரை வேண்டுமென்றே கெடுத்து மாணவன் கையாலேயே சரி பண்ண வைக்கட்டும். ஒரு தடவை பண்ணினவன் ஜென்மத்துக்கும் பயப்பட மாட்டான்.

அதுவரை, மக்களே, கடைக்காரர் "பார்மட்" என்றால் "டேட்டாவை எடுத்துட்டுப் பண்ணுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குள் என்னைக் கூப்பிட்டாலும் சரி, பென் டிரைவோடு வருகிறேன். ஒரு பில்டர் காபி போதும்.

டிஸ்கி: இரண்டுக்கும் மாறி மாறிப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறதா? மிஷின் கெடவில்லை. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும். இதற்கும் பார்மட் வேண்டாம்!