பித்தமும் பைத்தியமும்

 

ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் திருத்தணியில் தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மூன்று மொழிகளும் அன்றாடம் காதில் விழும். 'பைத்தியம்' என்றால் தெலுங்கில் பித்தக் கோளாறு, தமிழில் மனநோய். உருதுவில் மனம் பேதலித்தவரைச் 'சௌதாயீ' என்பர். கரும்பித்தத்தைக் குறிக்கும் 'சௌதா' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது அது. மனநோய்க்கும் பித்தத்திற்கும் என்ன உறவு?

கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். 'மெலாஸ்' என்றால் கருமை. இரண்டும் இணைந்து 'மெலன்கோலியா' ஆயிற்று. பித்தப்பைக் கல்லிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட கொலஸ்ட்ராலின் பெயரிலும் இதே 'கோலே' உள்ளது. இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடலில் நான்கு நீர்கள் உண்டு. கரும்பித்தம் மிகுந்தால் மனம் சோரும் என்பது கிரேக்க மருத்துவரின் கொள்கை.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலியோர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தனர். மஞ்சள் பித்தம் 'ஸஃப்ரா' ஆயிற்று. மனநோயின் பெயரோ கிரேக்க ஒலியுடனேயே 'மாலிகூலியா' என நிலைத்தது. இந்த மருத்துவமே கிரேக்க நாட்டின் அரபுப் பெயரால் 'யூனானி' எனப்படுகிறது. சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் இன்றும் அது பயிற்றுவிக்கப்படுகிறது.

இந்நோய் ஜின்னால் வருவது என்று அன்றும் சிலர் கூறினர். இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் அதற்கு விடையளித்தார்: ஜின்னே காரணமாயினும் அது உடலின் தன்மையை மாற்றியே நோயை உண்டாக்கும், மருத்துவன் அந்த மாற்றத்திற்கே மருந்து தரவேண்டும் என்பது அவர் கருத்து.

கரும்பித்தம் என்றொரு நீர் உடலில் இல்லை என்பதும், ஈரலில் சுரக்கும் பித்தம் கொழுப்பைச் செரிக்க உதவுவது என்பதும் இன்று தெளிவு. எனினும், மனத்தின் வாட்டமும் மருந்துக்குரிய நோயே என்ற அவர்தம் முடிவு பொய்க்கவில்லை.

நாமோ அதை மறந்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றிச் சிக்கினர். 28 பேர் உயிரிழந்தனர்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்துள்ளார்கள். வீட்டில் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, பேச்சற்று வாடினால் ஊராருக்கு அஞ்சி மறைக்கவேண்டாம். 'பைத்தியம்' என்று ஏசவும் வேண்டாம். துஆச் செய்வோம், மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.