ஆலை ஊரில் பிறந்த இசை

மேனாட்டு இசையில் 'மெட்டல்' என்பது ஒரு வகை. நம் இல்லங்களில் அதன் பெயரைக் கேட்டவுடன் பெரியோர் முகஞ் சுளிப்பர்; இளையோர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பர். இரைச்சல் என்று தள்ளப்படும் அவ்வகையிலும் சிந்தனையும் தாளக் கணக்கும் ஒருங்கே அமைந்த படைப்புகள் உள. அவற்றுள் ஒன்றை இம்மாதம் அன்பர்கட்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றோம். 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டைமென்ஷன் ஹாட்ரோஸ்' என்னும் இசைத்தட்டே அது. ஆக்கியோர், 'வோய்வாட்' என்னும் கனடா நாட்டுக் குழுவினர்.

கனடாவில் பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாகாணத்தில் ஜோன்கியேர் என்றோர் ஊர் உண்டு. 1975-இல் அதனோடு இணைக்கப்பெற்ற ஆர்விடா, அலுமினிய ஆலைக்கென்றே 1926-இல் எழுப்பப்பட்ட நகரம். அவ்வட்டாரத்தில் வளர்ந்த நான்கு இளைஞர்கள் 1980-களின் தொடக்கத்தில் ஒன்று கூடினர். பாடியவர் டெனி பெலாஞ்ஜே. கிதார் மீட்டியவர் டெனி தாமூர். பேஸ் கிதார் இசைத்தவர் ஜான்-ஈவ் தெரியோ. டிரம் முழக்கியவர் மிஷேல் லாஞ்ஜவின். இசைத்தட்டின் உறை ஓவியத்தைத் தீட்டியவரும் லாஞ்ஜவினே. ஆலைச் சங்கொலிக்கு விழித்தெழும் ஊர்களில் குடியேறி வாழ்ந்த நம்மவர்க்கு, இத்தகையோரின் இசையில் எந்திரத்தின் ஓசை புகுந்ததில் வியப்பிராது.

இவ்விசைத்தட்டில் ஒரு கதை தொடர்ந்து செல்கின்றது. 'வோய்வாட்' என்பது லாஞ்ஜவினின் கற்பனையில் பிறந்த ஒரு விந்தை உயிர். அது அணுத்துகள்களை மோதவிட்டுச் சோதனை செய்து, ஒரு நுண்ணிய அண்டத்தையே உண்டாக்கி, அதனுள் நுழைகின்றது. அங்கே பற்பல கூட்டத்தாரைக் காண்கின்றது. அவருள் ஒரு சாரார் அதனைத் தெய்வமென எண்ணுகின்றனர். வேறொரு சாரார் தொழில்நுட்பத்தின் வலிமையால் மக்களின் மனத்தையே ஆட்டிப் படைக்கின்றனர். கருவியை ஆக்கியவன் அதற்கு எசமானனாக இருப்பானா, அடிமையாவானா என்பதே கதையின் உட்பொருள். கைப்பேசியின் பிடியில் பொழுதெல்லாம் கழியும் இந்நாளில் அவ்வினா நமக்கும் உரியதன்றோ?

இசையமைப்பிலும் தனித்தன்மை உண்டு. தாளம் ஓர் அளவில் நில்லாது; நான்கென்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாகவோ ஏழாகவோ மாறிவிடும். கண்டமும் மிச்ரமும் பழகிய நம் செவிக்கு இது முற்றும் அயலன்று. தாமூரின் கிதாரோ, பிறர் அஞ்சி விலக்கும் பகைச் சுரங்களை வேண்டுமென்றே நாடிச் செல்லும். முதலில் செவியை உறுத்தும் அவ்வொலிகள், இரண்டாம் மூன்றாம் முறை கேட்கையில் வேற்றுலகின் காட்சிகளாகத் தோன்றும்.

பெர்லின் நகரை மதில் பிளந்து நின்ற காலத்தில், அந்நகரிலேதான் ஹாரிஸ் ஜான்ஸ் என்பாரின் மேற்பார்வையில் இது ஒலிப்பதிவாயிற்று. எனினும் பெருங்கூட்டம் இதனை நாடவில்லை. அதே 1988-இல் 'மெட்டாலிக்கா' குழுவின் இசைத்தட்டு உலகெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டிலோ வோய்வாட் குழுவினரே வெளியிட்ட 'நத்திங்ஃபேஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவே இந்த விளக்கு மங்கித் தோன்றியது.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 45-ஆம் அகவையில், தாமூர் புற்றுநோயால் மறைந்தார். அவர் கணினியில் பதிந்து வைத்துச் சென்ற கிதார் இசையைக் கொண்டு தோழர்கள் 2006-இலும் 2009-இலும் இரண்டு இசைத்தட்டுகளை நிறைவு செய்தனர். எந்திரத்தின் ஆதிக்கத்தை எண்ணி எச்சரித்த கலைஞரின் விரலசைவை ஓர் எந்திரமே காத்துத் தந்தது. நட்புடைய கையில் கருவி நன்மையே பயக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். அடுத்த அறையிலிருந்து இத்தகைய இசை எழுமாயின், ஒலியைக் குறைக்கச் சொல்லுவது உங்கள் உரிமை. குறைத்தபின், அது என்ன கதை என்று அருகமர்ந்து கேளுங்கள். பிறந்த ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் குடும்பங்களில், மக்கள் தாமே தேடிக் கண்ட இசை பெற்றோர் அறியாத தனியுலகமாகிவிடுவது எளிது. அவ்வுலகின் வாயில் உள்ளிருந்து சாத்தப்படுமுன் அதனுள் ஒரு முறை சென்று வருதல் நலம்.