போனதே தெரியாத பொழுது

காலத்தைப் பற்றித் தமிழர்களுக்கு இரண்டு புகார்கள் உண்டு. ஒன்று, பொழுதே போகவில்லை. மற்றொன்று, வருஷம் போனதே தெரியவில்லை. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் சொல்வதுதான் வேடிக்கை.

மும்பையின் ஆண்டாப் ஹில்லில் இந்த வேடிக்கைக்குக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும் பகுதி அது. அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்த தமிழ்க் குமாஸ்தா ஒருவர், குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டி பிடித்து 35 ஆண்டுகள் கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போய்வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 230 நாட்கள் என்றாலும் 16,000 பயணங்களைத் தாண்டுகிறது. இவற்றில் எத்தனை அவர் நினைவில் தங்கியிருக்கும்?

2005 ஜூலை 26 நிச்சயம் தங்கியிருக்கும். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, ரயில்கள் நின்றுபோய், ஜனங்கள் தண்ணீரில் நடந்தே வீடு திரும்பிய நாள் அது. அந்த ஓர் இரவைப் பற்றி அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். மற்ற பயணங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே பயணமாகச் சுருங்கியிருக்கும். ஆயுளின் பெரும்பகுதி அந்தச் சுருக்கத்துக்குள்தான் போய்விட்டது.

இந்தக் கணக்கை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே விளக்கிவிட்டார். சுவையான புது அனுபவங்கள் நிறைந்த பொழுது கடந்துபோகும்போது குறுகித் தெரிகிறது; திரும்பிப் பார்க்கும்போது நீள்கிறது. வெற்றுப் பொழுதோ அப்போது நகர மறுக்கிறது. பிறகு பார்த்தால் இருந்த சுவடே இல்லை. இரண்டு புகார்களுக்கும் காரணம் ஒன்றுதான்.

2007ல் டேவிட் ஈகிள்மனும் சகாக்களும் வெளியிட்ட சோதனை இன்னொரு தடயம் தருகிறது. தொண்டர்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழச் செய்தார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை, மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடச் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது மணிக்கட்டில் வேகமாக மின்னிய எண்களைப் படிக்க வழக்கத்தைவிட அதிகமாக அவர்களால் முடியவில்லை. காலம் உண்மையில் மெதுவாகவில்லை. நெருக்கமாகப் பதிந்த நினைவுதான் அந்தச் சில வினாடிகளை நீட்டிக் காட்டியது.

காலத்தை நீட்ட வெள்ளமும் வீழ்ச்சியும்தான் வேண்டும் என்றில்லை. ஆண்டாப் ஹில்லிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. 1952ல் தோன்றிய சண்முகானந்தா சபா 1963ல் கட்டிய அரங்கம், சுமார் 2,700 பேர் அமரக்கூடியது. 1990ல் தீ விபத்தில் சேதமடைந்து 1998ல்தான் மீண்டும் திறந்தது. இரண்டாம் வகுப்பில் இருந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும் இடைவெளி அது. மாதுங்கா, சயான், ஆண்டாப் ஹில் தமிழர்களுக்கு அந்த எட்டு ஆண்டுகளில் கேசட்டுக்கும் ரேடியோவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கேசட்டை எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் அதே சங்கதிதான் வரும். பத்தாவது முறை கேட்கும்போது காது பாதி தூங்கிவிடுகிறது.

மேடைக் கச்சேரி அப்படியல்ல. கிருதி இருநூறு ஆண்டுப் பழையதாக இருக்கலாம். கல்யாணியும் தோடியும் ரசிகருக்கு மனப்பாடமாகவும் இருக்கலாம். ஆனால் ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று மனோதர்மத்துக்குள் நுழைந்துவிட்டால், அடுத்த பிடி என்ன என்பது பாடுபவருக்கே அந்தக் கணம்வரை முழுதாகத் தெரியாது. பழகிய வீட்டில் புதிதாக ஒரு ஜன்னல் திறப்பது போன்ற அனுபவம் இது.

கேட்பவரும் சும்மா இருப்பதில்லை. தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சுமாக இருமுறை: ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை முடிந்தது. தனியாவர்த்தனத்தின் இறுதிக் கோர்வை மும்முறை வந்து எடுப்பில் சரியாக விழுமா என்று அரங்கமே காத்திருக்கிறது. அந்த நேரத்தில் கடிகாரம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. மாத்திரை என்பதற்குத் தொல்காப்பியர் தந்த அளவு இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். காலத்தை உடம்பால் அளந்த அந்தப் பழைய வழக்கத்தைத்தான் தாளம் போடும் ரசிகர் இன்றும் தொடர்கிறார். மூன்று மணி நேரம் அரை மணியாகப் பறக்கிறது. அடுத்த வாரம் நினைத்துப் பார்த்தாலோ, அந்த மாலைக்கே அந்த வாரத்தில் அதிக இடம்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: கவனம். அமெரிக்காவின் லிண்டா ஹென்கல் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் பிடித்தவர்கள், வெறுமே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்தவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பல்லவி தொடங்கியதும் செல்போனைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இதை யோசிக்கலாம். பாட்டு கருவிக்குள் போய்விடுகிறது. மாலை மனிதருக்குள் போகாமல் நின்றுவிடுகிறது.

நீண்ட ஆயுள் வேண்டும் என்று நேர்த்திக்கடன் செலுத்துகிறோம், மருந்து சாப்பிடுகிறோம். வாழ்ந்த ஆண்டுகளே நினைவில் சுருங்கிப்போவதை மட்டும் யாரும் நோயாகக் கருதுவதில்லை. வேலையை விடவோ வெளிநாடு போகவோ எல்லோராலும் முடியாது. வண்டியும் மாறாது, அலுவலகமும் மாறாது. டிக்கெட் விலை கட்டாதவருக்குக் கோயில் உற்சவக் கச்சேரி இருக்கிறது, அடுத்த வீட்டுப் பெண்ணின் வீணைச் சாதகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு மாலையாவது, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உட்கார்ந்து கேட்டால், 35 ஆண்டுகளில் 420 மாலைகள் தனித்தனியாக நினைவில் நிற்க வாய்ப்புண்டு. 16,000 ரயில் பயணங்களுக்கு ஈடாக அது மோசமான கணக்கல்ல.