கஞ்சியும் காயமும்

முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியதிலிருந்து, திண்டிவனத்து நெடுஞ்சாலையில் கால் முறிந்தவர்களும், சுற்றுக் கிராமங்களில் குடல்வால் வெடித்துத் துடித்தவர்களும், சென்னைக்கோ புதுவை ஜிப்மருக்கோ ஓடாமல் அருகிலேயே பிழைத்தெழும் வாய்ப்பு உண்டாயிற்று. சஸ்திர சிகிச்சை இத்தனை அருகில் வந்துவிட்ட பின்பும், நோயாளியின் ஆகார விஷயத்தில் மட்டும் நம் பக்கத்தார் பழைய அபிப்பிராயம் ஒன்றை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: தையல் ஆறும்வரை கஞ்சியும் ரொட்டியும் போதும், முட்டையும் மீனும் பருப்பும் கூடவே கூடாது. இதற்கு அவர்கள் கூறும் நியாயங்களைப் பரிசீலிப்போம்.

முட்டை தின்றால் தையல் சீழ் வைக்கும் என்பது முதல் நியாயம். சீழ் வைப்பதற்குக் காரணம் ரணத்தில் புகுந்த கிருமியே அன்றி, வயிற்றில் புகுந்த முட்டையன்று. வெட்டுண்ட சதையை மீண்டும் இணைக்கும் நார்ப்பொருள் புரதத்தால் ஆனது. அதை நெய்து உறுதிப்படுத்த வைட்டமின் சி வேண்டும். ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இதனைத் தம் சரீரத்திலேயே சோதித்தார். பழமும் காய்கறியும் அறவே நீக்கிய ஆகாரத்தை மாதக்கணக்கில் உண்டு வந்த அவர், மூன்றாம் மாதத்தில் தம் முதுகில் வெட்டச் செய்த ரணம் ஒழுங்காக ஆறியதையும், ஆறாம் மாதத்தில் வெட்டியது மேல்தோல் மூடியும் உள்ளே இணையாது நின்றதையும், வைட்டமின் சி ஏற்றிய பின்னரே அது கூடியதையும் 1940இல் வெளியிட்டார். இந்த விலக்கைச் சித்த வைத்தியப் பத்தியம் என்பாரும் உண்டு. நம் சித்த வைத்தியர்களின் பத்தியமோ நோயையும் மருந்தையும் பொறுத்து விதிக்கப்படுவது. எல்லா ரணத்துக்கும் ஒரே விலக்குப் பட்டியலை அவர்கள் பெயரால் எழுதுவது அவர்களுக்கே அநீதி.

'குளுக்கோஸ்தான் ஏறுகிறதே, அதுவே ஆகாரம்' என்பார்கள். ஐந்து சதவிகிதக் கரைசலுள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது தரும் சக்தி 100 கலோரிக்கும் குறைவு. நாளெல்லாம் நான்கு பாட்டில் ஏற்றினாலும் 400 கலோரி எட்டாது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கோ ஏறத்தாழ 1,250 கலோரி வேண்டும். புரதமோ அந்தப் பாட்டிலில் துளியும் இல்லை. உடலின் நீர்வற்றலைத் தடுக்க ஏற்றுவதை விருந்தென்று எண்ணி மகிழ்வது வீண் மயக்கம்.

இவற்றைக் காட்டிலும் நயமாகத் தோன்றுவது மூன்றாவது வாதம். படுத்திருப்பவன் உழைப்பதில்லை, உழைக்காதவனுக்கு எதற்கு அவ்வளவு ஆகாரம்? கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1930களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன், எலும்பு முறிந்து அசையாது கிடந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் அளந்து, அவர்களுடைய தசை கரைந்து நைட்ரஜனாக வெளியேறிக்கொண்டிருந்ததைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். அடிபட்ட சரீரம் தன்னையே உண்டு தன்னைச் செப்பனிடுகிறது. 1936இல் கிளீவ்லாந்து நகரத்து ஹிரம் ஸ்டட்லி, வயிற்றுப் புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தபோது, முன்னரே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்திருந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் மாண்டதையும், அவ்வாறு இழக்காதவர்களில் அந்த விகிதம் 3.5 ஆகவே இருந்ததையும் கண்டார். கஞ்சிக் கட்சியார் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

வாயு பிரியும்வரை வாயில் ஒன்றும் வைக்கலாகாது என்ற விதியும் பெரும்பாலான அறுவைகளுக்கு இன்று பழசாகிவிட்டது. பெருங்குடல் விழித்தெழ இரண்டு மூன்று நாளாயினும், சிறுகுடல் சில மணி நேரத்திலேயே இயங்கத் தொடங்குகிறது. எந்த நோயாளிக்கு எப்போது என்பதை அறுத்தவரே சொல்ல வேண்டும்.

திணித்தால் நலம் என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்குக் குழாய் வழியே முதல் இரண்டு நாளுக்குள் சிறிது சிறிதாகத் தொடங்குவதே இன்றைய முறை. அங்கேயும் அளவுக்கு மிஞ்சிய புரதம், அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, நன்மை தரவில்லையென்று ஆராய்ச்சிகள் எச்சரிக்கின்றன. நினைவில்லாதவர் வாயில் உறவினர் ரகசியமாகக் கஞ்சி ஊற்றுவது கொடுமை. அது நுரையீரலுக்கே போகும்.

பெரிய அறுவை கண்டு தேறிவருபவருக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. ஐம்பது கிலோவுக்கு 60 கிராமுக்குக் குறையாது. ஒரு கைப்பிடி அரிசிக் கஞ்சியில் நாலு கிராம் கிடைத்தால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. நம் திண்டிவனத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு 100 கிராமில் 25 கிராம் உண்டு. மரக்காணத்து மீனைச் சொல்லவே வேண்டாம். ஆகையால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரை வேளையைக் கேட்பதோடு, முட்டையும் பருப்பும் மீனும் எவ்வளவு தரலாம் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு வந்த முட்டையைத் துணைக்கு வந்தவர் உண்டுவிட்டு, அவருக்குக் கஞ்சியை மட்டும் நீட்டாதீர்கள்.