மான்செஸ்டர் என்கிற பட்டம்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டுவிட்டது. முதல் பாராவில் தெருவின் சுத்தத்தைப் புகழ வேண்டும். இரண்டாவதில் ஜனங்கள் வரிசையில் நிற்கிற அழகைச் சொல்ல வேண்டும். கடைசியில், "நம் ஜனங்களும் இருக்கிறார்களே!" என்று ஒரு பெருமூச்சு விட வேண்டும். இந்தப் பெருமூச்சின் மீதுதான் எனக்குச் சண்டை.

கோயமுத்தூரைத் 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவர்கள் நாங்கள். 2009 வரை திருப்பூரும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. பனியன் கம்பெனிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு, அசல் மான்செஸ்டரைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. போய்ப் பார்த்தேன். நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆலைப் புகையைக் காணோம். பருத்தி வியாபாரத்தின் தலைமைப் பீடமாக இருந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் மண்டபத்தில் 1968-ல் வியாபாரம் நின்றது. 1976 முதல் அங்கே நாடகம் நடக்கிறது. கடைசி நாள் விலை நிலவரத்தை மட்டும் உயரே பலகையில் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஆன்கோட்ஸ் வட்டாரத்துப் பழைய நூல் ஆலைகள் சில, வசதியுள்ளவர்கள் குடியிருக்கும் வீடுகளாகிவிட்டன. இர்வெல் நதிப் பாலத்தின் மேல் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடிகிறது.

"அவர்களுக்குச் சுத்தம் ரத்தத்திலேயே ஊறியது" என்பார் நம் அன்பர். ரத்தத்திலா? 1840-களில் அதே ஊரில் வாழ்ந்த எங்கெல்ஸ், 1845-ல் வெளியிட்ட புத்தகத்தில், இர்வெல்லில் வந்து கலக்கும் இர்க் நதி கரியாய்க் கறுத்து நாறியதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மெர்ஸி, இர்வெல் முதலான அந்தப் பக்கத்து ஆறுகளைத் துப்புரவாக்கும் பெரிய இயக்கம் தொடங்கியது 1985-ல்தான். அது 2010 வரை, இருபத்தைந்து வருஷம் நடந்தது. அதற்கு முன்பே நூற்பும் சாயமும் பெரும்பாலும் அந்த ஊரை விட்டுக் கிளம்பி, உலகத்தின் பல மூலைகளுக்குப் போய்விட்டன. அதில் ஒரு மூலை எங்கள் ஊர்.

அங்கே ஒரு கடையில் பனியன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது என்றிருந்தது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பெரும்பகுதி திருப்பூர்ச் சரக்கு. துணி கப்பலேறிப் போகிறது. அதை வெளுத்துச் சாயமேற்றிய தண்ணீர் எங்கே போயிற்று? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேருகிற நொய்யலில் போயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாயிற்று. ஆற்றை நம்பியிருந்த குடியானவர்கள் கோர்ட்டுப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து நின்றார்கள். பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் நிபந்தனையோடுதான் பட்டறைகள் திறந்தன. அந்தச் செலவு எங்கள் தலையில். சரக்கு வாங்க வருகிறவர்களோ, வேறு தேசத்து விலையைக் காட்டிப் பேரத்தை இறக்கப் பார்க்கிறார்கள்.

"அப்படியானால் எல்லாம் வெள்ளைக்காரன் குற்றமா?" என்று கேட்பீர்கள். இல்லை. குழாயை ஆற்றுப் பக்கம் திருப்பிய கை நம்முடைய கை. மழை ராத்திரி பார்த்துக் கழிவைத் திறந்துவிட்டவனும் நம்மவனே. அவனைக் காப்பாற்ற நான் வரவில்லை. ஆனால், "நம் ஜனங்களுக்கு ஒழுங்கு வராது" என்கிறவர்தான் அவனைக் காப்பாற்றுகிறார் என்பது என் கட்சி. குற்றம் பிறவிக் குணமானால் தண்டிக்க யார் மிச்சம்? எல்லோர் மீதும் போட்ட பழி ஒருவர் மீதும் ஒட்டாது.

மான்செஸ்டர் ஆறு தெளிந்தது குணத்தினால் அல்ல. சட்டம் வந்தது, பணம் வந்தது, விடாப்பிடியாக உழைக்க ஆள் வந்தது, அழுக்கில் ஒரு பங்கு அயலூருக்குப் போயிற்று. முதல் மூன்றையும் நாம் கேட்டு வாங்கலாம். நாலாவதைச் செய்ய நமக்கு இடமும் இல்லை, நியாயமும் இல்லை.

ஆகவே, அடுத்த பயணக் கட்டுரை எழுதப் போகும் அன்பரே! தெருவின் சுத்தத்தைத் தாராளமாக எழுதுங்கள். அந்த அழுக்கு எந்த ஊருக்குப் போயிற்று என்பதையும் அதே பாராவில் எழுதிவிடுங்கள். பெருமூச்சு விடுவதற்கு விமானச் செலவு எதற்கு? அதை நொய்யல் பாலத்தின் மேல் நின்றே விடலாமே!